அச்சும் தட்டும்

டிசம்பர் பிறந்து இரண்டு வாரம் ஆனதும் அம்மா பரண்மேல் இருக்கும் பழைய பிஸ்கட் டின்னை இறக்கச் சொல்வார். உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய ஓர் இரும்புப் பூ. பூவின் நடுவிலிருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான கம்பி. அச்சு முறுக்கு சுடுகிற அச்சு அது. புளியந்தோப்பில் எங்கள் ஆயா கைக்கு அது வந்தது 1960களில். பெரம்பூரில் அவர் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது சாமான்களில் பாதி விலைக்குப் போனது, மீதி தானமாகப் போனது. ஆயா பங்குக்கு இந்த அச்சு.

வட சென்னையில் பாட்டியைத்தான் ஆயா என்போம். அடுத்தவர் வீட்டில் பிள்ளை பார்க்கும் பெண்ணுக்கும் அதே பெயர்தான். இந்த இரண்டாவது ஆயா போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். ஜன்னல், மேசை, சாவி, அலமாரி வந்த அதே கப்பலில் வந்தது. எங்கள் பாட்டி இரண்டு அர்த்தத்திலும் ஆயா. ஒரு வீட்டில் சம்பளத்துக்கு, இன்னொரு வீட்டில் சும்மா.

அச்சு முறுக்கு பார்க்க லேசு, சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். அரிசி மாவு, தேங்காய்ப் பால், முட்டை, சர்க்கரை, துளி உப்பு, கொஞ்சம் எள். அச்சைக் காயும் எண்ணெயிலேயே வைத்துச் சூடாக்கி, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. சூடு போதவில்லை என்றால் மாவு பிடிக்காது. சூடு மிஞ்சினால் தொட்ட இடத்திலேயே சுருண்டு நழுவும். புது அச்சென்றால் கஞ்சித் தண்ணியிலும் எண்ணெயிலும் ஊறப்போட்டுப் பழக்கணும். பழகிய அச்சும் வருஷத்துக்கு ஒரு தரம் எடுக்கும்போது முரண்டு பிடிக்கும். ஆயா சொல்வார்: "மொத ரெண்டு ஒட்டும். அது அச்சுக்கு. மூணாவதுலேர்ந்துதான் நமக்கு."

இந்தப் பூ எந்த ஊர்ப் பூ? கேரளத்தில் இதற்கு அச்சப்பம் என்று பெயர். ஆங்கிலோ இந்தியர்களுக்கு ரோஸ் குக்கி. இலங்கையில் இதுவே கொக்கிஸ். சிங்களவர்கள் ஏப்ரல் புத்தாண்டுக்குச் சுடுகிறார்கள். கொக்கிஸ் என்ற பேரே டச்சுக்காரர்களின் 'கூக்கியே', அதாவது சின்ன கேக், என்ற சொல்லிலிருந்து வந்தது. ஸ்வீடனிலும் நார்வேயிலும் கிறிஸ்துமஸுக்கு இதே மாதிரி இரும்பை எண்ணெயில் முக்குகிறார்கள். ஈரானில் இதற்கு ஜன்னல் ரொட்டி என்று பெயர். துருக்கியில் இரும்பு இனிப்பு. எங்கள் தெருவிலிருந்து வடக்கே ஒரு அறுபது கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சென்னையில் ஆங்கிலேயக் கோட்டை எழும்பியதே அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஊர் ஊராகப் போனது இரும்பு. மாவு அந்தந்த ஊருடையது. ஐரோப்பாவில் கோதுமை மாவும் பாலும். நம் கரைக்கு வந்ததும் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும். நாங்கள் மென்பொருளில் சொல்வதுபோல, மேல்கூடு ஒருவருடையது, உள்ளே ஓடுவது நம்முடையது.

கல்கல்லும் அப்படித்தான். மைதாவில் தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, கோலிக்குண்டு அளவு உருட்டி, புதுச் சீப்பின் பல்லில் வைத்துத் தேய்த்துச் சுருட்டிப் பொரிப்பார்கள். கோவாவில் இதைக் குல்குல் என்றும், கொங்கணியில் புழு என்று பொருள்படும் 'கிட்யோ' என்றும் சொல்கிறார்கள். சின்ன வயதில் இது தெரிந்திருந்தால் என் தங்கையைச் சாப்பிடவிடாமல் செய்திருப்பேன்.

ஐரோப்பியக் கிறிஸ்துமஸ் பலகாரம் பெரும்பாலும் அடுப்பறைக்குள் வேகிற பண்டம். கேக், பிஸ்கட், ரொட்டி எல்லாமே அவன் கேட்கும். நம் வீடுகளில் இருந்தது மண்ணடுப்பும் இரும்புச் சட்டியும்தான். ஆகவே பொரிக்க முடிந்ததெல்லாம் நம் பண்டிகைக்குள் வந்தது. தட்டில் பக்கத்தில் ஏற்கெனவே அதிரசமும் முறுக்கும் சோமாஸும் இருந்தன, இவையும் போய் உட்கார்ந்துகொண்டன. கேக் மட்டும் வெளியே நின்றது. அதற்குத் தெருவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வீட்டில் மாவைக் கலக்கி டின்னில் ஊற்றி, பேரெழுதிய சீட்டை ஒட்டி, விறகு அடுப்பு வைத்த பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்குவது. அதுக்கும் வசதியில்லாதவர்கள் அலுமினியச் சட்டியில் மணல் கொட்டி, நடுவில் டின்னை வைத்து, மூடியின் மேல் தணல் போட்டார்கள். ஆயாவுடைய கேக் மணல் கேக். ஒரு பக்கம் கருகும், நடுவில் பள்ளம் விழும்.

ஆயாவுக்கு இதெல்லாம் தெரிய வந்ததற்கு ரயில்தான் காரணம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பியது. அதே காலகட்டத்தில் பெரம்பூரில் ரயில்வே பணிமனை வந்தது. டிரைவர், ஃபயர்மேன், கார்டு, ஃபோர்மேன் வேலைகளில் ஆங்கிலோ இந்தியர்கள் நிறைந்தார்கள். பெரம்பூர், அயனாவரம், வேப்பேரி, ராயபுரம் எல்லாம் அவர்கள் குடியிருந்த இடங்கள். வேப்பேரிப் பக்கம் பெரம்பூர் பேரக்ஸ் சாலையில் 1885 முதல் இருக்கும் ஸ்மித் ஃபீல்ட் பேக்கரியில் கிறிஸ்துமஸ் நேரத்தில் இன்றும் கூட்டம். அதே சாலையில் வடக்கே நடந்தால் புளியந்தோப்பு. நடுவில் பெரிய தூரம் ஒன்றுமில்லை. ஆனால் அங்கே ரொட்டி வாங்கின வீடும், அந்த வீட்டில் பாத்திரம் கழுவின வீடும் வேறு வேறு.

ஆயா அந்த வீட்டில் கல்கல் சுருட்டினார், அச்சு முக்கினார். அவருக்கான சாப்பாடு பின்கட்டில், தனித் தட்டில். இதை அவர் புகாராகச் சொன்னதில்லை. "அவங்க நல்லவங்கதான்" என்றுதான் ஆரம்பிப்பார்.

அவருடைய கவலை இன்னொரு தட்டைப் பற்றி.

கிறிஸ்துமஸ் அன்று காலை கோயில் முடிந்து வந்ததும் பலகாரத் தட்டுகள் அடுக்கப்படும். மேலே பூப்போட்ட துணி. அம்மாவும் சித்திகளும் சின்னப் பெண்களாக இருந்தபோது வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் ஆயா இரண்டு கேள்வி கேட்பார்.

"தட்டு வாங்கிக்கினாங்களா?"

"வாங்கிக்கினாங்க."

"துன்னாங்களா?"

இரண்டாவது கேள்விக்குப் பல வருஷம் பதில் கிடைக்கவில்லை. நாங்கள் சேரியிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள். ஏரியாவில் எல்லாருக்கும் அது தெரியும். சில வீடுகளில் தட்டை வாசலிலேயே வாங்கி, அப்படியே மாட்டுக்காரப் பையன் கையில் கொடுத்ததை அம்மா பார்த்திருக்கிறார். ஒரு வீட்டில் நாசூக்காகச் சொன்னார்களாம்: "பலகாரம் வேணாம்மா, பழமா குடு." பழம் சமைத்ததில்லை. அதில் கை படாது. அடுத்த வருஷம் தாத்தா போனஸ் காசில் பேக்கரி கேக் வாங்கினார். அதே வீட்டில் அதை வாங்கி, எதிரிலேயே வெட்டிச் சாப்பிட்டார்கள். யார் பிசைந்தார்கள் என்று தெரியாத மாவுக்கு ஜாதி கிடையாது. ஆயா பிசைந்ததற்கு இருந்தது.

இந்தத் தட்டுக்குப் பின்னால் புளியந்தோப்பில் ஒரு பழைய காயம் உண்டு. தாத்தா வேலை பார்த்த பின்னி மில்லின் இரண்டு பகுதிகளில் பக்கிங்காம் 1876இலும் கர்னாடிக் 1881இலும் தொடங்கியவை. 1918இல் பி.பி. வாடியா தலைமையில், திரு.வி.க. துணையோடு உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த மில் ஆட்களை வைத்துத்தான் பிறந்தது. 1921இல் பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. மாதக்கணக்கில் கூலியில்லாமல் தாங்கும் இருப்பு அவர்கள் வீட்டில் இல்லை, எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். வேலைநிறுத்தம் செய்தவர்கள் கண்ணில் அவர்கள் துரோகிகள் ஆனார்கள். தொழில் தகராறு ஜாதிச் சண்டையாக மாறியது. புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் இறுதியில் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. ஒரே ஆலையில், ஒரே சங்குக்கு எழுந்து போனவர்கள்.

வரலாற்றுப் புத்தகங்கள் இதைத் தொழிற்சங்க வரலாறாகவோ நீதிக்கட்சி வரலாறாகவோ எழுதுகின்றன. எங்கள் வீட்டில் இது தட்டு வரலாறு. தாத்தாவின் அப்பா காலத்தில் அந்தப் பக்கத்துத் தெருவுக்குத் தட்டே போகவில்லை. தாத்தா காலத்தில் தட்டு போனது, தின்னார்களா என்று தெரியவில்லை. சங்கத்தில் ஒன்றாகக் கொடி பிடித்தவர்களும், இரவு ஷிப்டில் பீடியைப் பாதி பாதியாக இழுத்தவர்களும் உண்டு. ஆனால் பீடி ஆண்களுக்கிடையில், மில்லுக்குள் நடந்தது. தட்டு பெண்கள் கையில், வாசல்படி தாண்டி நடக்க வேண்டியது. கடைசியாகத் திறந்தது வாசல்படிதான்.

பலகாரத்துக்குள்ளும் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ரேஷன் வந்தது, சோறு தின்றவர்கள் கோதுமையைப் பழக வேண்டியிருந்தது. 1956இல் அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம் போட்ட பிறகு கோதுமை கப்பல் கப்பலாக இறங்கியது. மைதா மலிந்தது. வெண்ணெய்க்குப் பதில் 1937லிருந்தே டால்டா இருந்தது. ஆங்கிலோ இந்திய வீட்டில் வெண்ணெய் போட்டுச் செய்த கல்கல்லை, மைதாவும் டால்டாவும் இருந்ததால்தான் ஆயா தன் வீட்டில் செய்ய முடிந்தது. பஞ்சமும் யுத்தமும் பண்டிகைப் பலகாரத்தைத் தீர்மானிக்கும் என்பதை நான் அந்த டால்டா டப்பாவில்தான் தெரிந்துகொண்டேன். அந்த டப்பாவில் பிறகு துளசிச் செடி வளர்ந்தது, அது பக்கத்து வீட்டு மாடியில்.

1996இல் மில் மூடியது. எனக்கு எட்டு வயது. அந்த டிசம்பரில் தாத்தா வாசலில் உட்கார்ந்தபடியே இருந்தார், போனஸ் பேச்சு எடுக்கவில்லை. ஆயா டின்னை இறக்கினார். அந்த வருஷம் வீட்டுக்கு மட்டுமல்ல, விற்பதற்கும் சுட்டார். தெருவில் நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி பிசைய, ஒருத்தி சுருட்ட, ஆயா அச்சு பிடிக்க. மில் குடும்பங்கள் பல அந்த வருஷங்களில் இப்படித்தான் பெண்களின் கைவேலையில் தள்ளிக்கொண்டு வந்தன. இட்லிக் கடை, பூக்கட்டு, தையல், பலகாரம். இதை யாரும் வரலாறாக எழுதவில்லை, கணக்கு நோட்டுகூடக் கிடையாது.

இப்போது அம்மா வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறார். கல்கல் கிலோ கணக்கில் அண்ணா நகருக்கும் அடையாறுக்கும் போகிறது. வாங்குபவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "வீட்டுலதானே செய்றீங்க?" கடைப் பலகாரம் வேண்டாமாம், வீட்டுக் கைப்பக்குவம்தான் வேண்டுமாம். அம்மா ஃபோனை வைத்துவிட்டு ஒருமுறை சிரித்தார். "அன்னிக்கு பேக்கரின்னா துன்னாங்க, இன்னிக்கு வூட்ல செஞ்சதான்னு கேக்கறாங்க." நான் இதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அட்ரஸ் கேட்டா தெரியும்" என்றார். பார்சல் எடுக்க வரும் பையனிடம் கொடுப்பதோடு சரி. கிளம்பிய இடம் புளியந்தோப்பு என்பது பெட்டியின் மேல் இல்லை. அவரேதான் எழுதவில்லை.

பெட்டியில் பேர் எழுதச் சொல்லி இரண்டு வருஷமாக அவரோடு வாதாடுகிறேன். விற்பனை குறையும் என்கிறார். குறையட்டும் என்று சம்பளக்காரனான நான் சுலபமாகச் சொல்லிவிடலாம்.

போன கிறிஸ்துமஸுக்குத் தட்டு எடுத்துக்கொண்டு என் மகள் மாடிக்குப் போனாள். புதிதாகக் குடிவந்த வீடு. பத்து நிமிஷம் ஆகியும் ஆளைக் காணோம். அம்மா படிக்கட்டு வரைக்கும் வந்து நின்றார். மகள் வெறுந்தட்டோடு இறங்கி வந்தாள். தட்டில் கொஞ்சம் சர்க்கரை மட்டும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். தட்டு வெறுமனே திரும்பக் கூடாதே.

"வாங்கிக்கினாங்களா?" என்றார் அம்மா.

"ம்."

அம்மா இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை. மகள்தான் சொன்னாள், அந்த வீட்டு ஆன்ட்டி ஒரு அச்சு முறுக்கை உடைத்து அவளுக்குப் பாதி கொடுத்ததாக. அம்மா தட்டிலிருந்த சர்க்கரையை டப்பாவில் கொட்டிவிட்டு, அச்சைத் துடைத்து, துணியில் சுற்றி, டின்னுக்குள் வைத்தார்.