மாரடைப்பைக் காட்டும் சிவப்புக் கோடு: அது தங்கமா?

நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனால், ஈசிஜியோடு சில இடங்களில் ஒரு சின்ன அட்டையிலும் ரெண்டு மூணு சொட்டு ரத்தம் விட்டுப் பார்ப்பார்கள். இதுதான் 'ட்ரோபோனின்' டெஸ்ட். அதில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கம்தான்!

எப்படி வேலை செய்கிறது?

இதயத் தசை பாதிக்கப்பட்டால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். அட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் இருக்கும். அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி, ட்ரோபோனினைப் பிடித்துக்கொள்ளும். அட்டையின் நடுவில் இன்னொரு ஆன்டிபாடி அதைத் தடுத்து நிறுத்த, துகள்கள் அங்கே குவிந்து கோடாகும். இவ்வளவு சிறிய அளவில் தங்கம் சிவப்பாகத்தான் தெரியும். கர்ப்பப் பரிசோதனை அட்டையிலும் இதே முறைதான். அங்கே பிடிபடுவது எச்.சி.ஜி. ஹார்மோன்.

எதில் உஷார்?

வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் ட்ரோபோனின் ஏறாமல் இருக்கலாம். கோடு வரலைன்னா மாரடைப்பு இல்லைன்னு அர்த்தமில்லை. அதனால்தான் மருத்துவர்கள் சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்கிறார்கள்.

கல்வராயன்மலையின் வெள்ளிமலை போன்ற ஊர்களில் இருந்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மலைப்பாதையில் இறங்கி வர வேண்டும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். நெஞ்சு வலி என்றால் அட்டையின் முடிவுக்காகக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.