எண்ணியவரும் சரிபார்த்தவரும்: இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ளூர் நிர்வாகம், 1851–2011

சென்னை மாகாணத்தில் 1871க்கு முன்பே மக்களை எண்ணும் வழக்கம் இருந்தது. 1851-52 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஊர்வாரியாகப் பட்டியல் வாங்கினார்கள். பட்டியலைத் தயாரித்தவர் கிராமக் கணக்கைப் பரம்பரையாகக் கையில் வைத்திருந்த கர்ணம். அவர் எழுதித் தாலுகா கச்சேரிக்கு அனுப்பியது, கூட்டப்பட்டு மேலே போனது. இடையில் எவரும் வீட்டு வாசலுக்குப் போய் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு வலுவாக இல்லை.

விளைவை எண்களே காட்டுகின்றன. 1866-67ஆம் ஆண்டுப் பட்டியல்படி மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் 2 கோடியே 65 லட்சம். 1871 நவம்பரில் நடந்த முறையான கணக்கெடுப்பில் அது 3 கோடியே 12 லட்சத்தைத் தாண்டியது. ஐந்தே ஆண்டுகளில் இத்தனை பேர் பிறந்து பெருகியிருக்க வழியில்லை. பழைய பட்டியல்களில் லட்சக்கணக்கானவர்கள் விடுபட்டிருந்தார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். எண்ணினால் வரி வரும் என்ற அச்சம் ஊரில் இருந்தது. அந்த அச்சத்தோடு அன்றாடம் வாழ்ந்தவர் கர்ணம்.

1871 கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவர் மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ.ஆர்.கார்னிஷ். அந்த உழைப்பின் மதிப்பு விரைவிலேயே தெரிந்தது. 1876-78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பின் 1881இல் எண்ணியபோது மாகாணத்தின் மக்கள்தொகை 3 கோடியே 9 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. 1871இன் எண் நம்பத்தக்கதாக இல்லாதிருந்தால், பஞ்சம் விழுங்கிய உயிர்களை மதிப்பிட அடித்தளமே இருந்திராது. கணக்கெடுப்பின் தரத்தை அலுவலக நுட்பமாக மட்டும் நான் பார்க்காததற்கு இதுவே காரணம்.

1881 பிப்ரவரி 17 இரவில் பெரும்பாலான இந்தியப் பகுதிகளில் ஒரே நேரத்தில் எண்ணினார்கள். அதற்குப் பின் 1931 வரை நீடித்த முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முதலில் ஒவ்வொரு வீட்டுக்கும் எண் எழுதப்படும். முப்பது முதல் ஐம்பது வீடுகள் கொண்டது ஒரு தொகுதி. பல தொகுதிகள் சேர்ந்தது ஒரு மேற்பார்வை வட்டம். அதற்கு மேல் தாலுகா. கணக்கெடுப்பு நாளுக்குச் சில வாரங்கள் முன்பே வீடு வீடாகப் போய்க் கறுப்பு மையில் முதற்பதிவு எழுதிவிடுவார்கள். அதை மேற்பார்வையாளர் படித்துத் திருத்துவார். குறித்த நாளில், ஊரில் நடமாட வெளிச்சம் கிடைக்கும்படி தேர்ந்தெடுத்த நிலவுள்ள இரவில், கணக்கெடுப்பாளர் அதே தாளோடு மறுபடி ஒவ்வொரு வாசலாகப் போவார். இறந்தவர், வெளியூர் போனவர் பெயரை அடித்து, புதிதாகப் பிறந்தவரையும் வந்து தங்கிய விருந்தாளியையும் சிவப்பு மையில் சேர்ப்பார். மேலதிகாரி தாளைப் புரட்டினாலே, அந்த இரவில் எந்த வீட்டில் என்ன மாறியது என்று தெரியும். பக்கம் முழுக்கச் சிவப்பே இல்லையென்றால், கணக்கெடுப்பாளர் வீட்டைவிட்டு இறங்கினாரா என்ற கேள்வி எழும். இவ்வளவு எளிய, இவ்வளவு கூர்மையான தணிக்கை முறை பின்னாளில் வந்ததா என்பது எனக்குச் சந்தேகமே.

ஆனால் இதற்கு ஒரு வரம்பு இருந்தது. எண்ணியவர், திருத்தியவர், ஒப்புதல் தந்தவர் பெரும்பாலும் ஒரே வருவாய்த் துறைப் படிக்கட்டில் நின்றவர்கள். மேலிருப்பவர் கீழிருப்பவரின் பிழையைத் திருத்தலாம். படிக்கட்டு முழுவதுமே தவறவிட்டதை யார் கண்டுபிடிப்பது?

ஒரே இரவில் எண்ணும் முறை 1941இல் கைவிடப்பட்டது. 1948இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் வந்தது. மேற்சொன்ன கேள்விக்கு முதல் விடை 1951இல், ஆர்.ஏ.கோபாலசுவாமி தலைமையில் நடந்த கணக்கெடுப்பில் கிடைத்தது. எண்ணி முடித்தபின் மாதிரி வீடுகளைத் தேர்ந்து மறுபடி சரிபார்த்து (இதுவே பின்சரிபார்ப்பு ஆய்வு), எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று அரசே மதிப்பிட்டது. 1951இல் ஆயிரத்துக்குச் சுமார் 11 பேர். 1961இல் 7 பேர். பிறகு ஏறுமுகம்: 1971இல் ஏறத்தாழ 17, 1981இலும் 1991இலும் 18, 2001இலும் 2011இலும் 23. கிராமங்களைவிட நகரங்களில் விடுபடல் கூடுதல்.

இந்த ஏற்றத்துக்கு நகர வளர்ச்சியே முக்கியக் காரணம் என்பது என் கருத்து. கிராமத்தில் எண்ண வருபவருக்கு ஊர் தெரியும். ஊருக்கும் அவரைத் தெரியும். தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அது தேவையான சமூக மாற்றம். அதற்குள் எண்ணும் வேலையும் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களிடம் வந்துவிட்டதால், கிராமங்களில் அந்த அறிமுகம் அறவே அறுந்துவிடவில்லை. மாநகரத்து வாடகைக் குடியிருப்பில் அப்படி எந்தத் தொடர்பும் இல்லை. பூட்டிய கதவு பூட்டிய கதவாகவே பதிவாகிறது.

1990களில் சட்டத்தைத் திருத்தி 4அ பிரிவைச் சேர்த்தார்கள். மத்திய அரசு கேட்டால் ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் தன் ஊழியர்களைக் கணக்கெடுப்புக்குத் தந்தாக வேண்டும் என்கிறது அது. 2011இல் களத்தில் இறங்கிய சுமார் 27 லட்சம் பேர் உள்ளூர் ஊழியர்களும் ஆசிரியர்களுமே. எல்லைகளை உறையவைப்பதும் உள்ளாட்சியைச் சார்ந்ததுதான். ஊராட்சி, வார்டு எல்லைகளை அரசுகள் முன்கூட்டியே உறுதிசெய்து தராவிட்டால், ஒரு தெரு இரண்டு தொகுதிகளில் எண்ணப்படும், அல்லது எதிலும் எண்ணப்படாது.

உள்ளூர்த்தன்மை எதிர்ப்பக்கமும் திரும்பும். நாகாலாந்தின் மக்கள்தொகை 1991இல் சுமார் 12 லட்சம். 2001இல் ஏறத்தாழ 19 லட்சத்து 90 ஆயிரம். பத்தாண்டு வளர்ச்சி 64 சதவீதத்துக்கும் மேல். சட்டமன்றத் தொகுதிகளும் வளர்ச்சி நிதியும் மக்கள்தொகையைப் பொறுத்தவை என்பதால், ஊரும் குலமும் போட்டியிட்டுத் தொகையைக் கூட்டிக்கொண்டன. மாநில அரசே அந்த எண்ணை ஏற்க மறுத்தது. 2011இல் கவனமாக எண்ணியபோது, மக்கள்தொகை சற்றுக் குறைந்து 19 லட்சத்து 78 ஆயிரமாக நின்றது. அன்றைய கர்ணம் வரிக்கு அஞ்சிக் குறைத்தார். இங்கே பங்குக்காகக் கூட்டினார்கள். இரண்டிலும் எண்ணியவர்மேல் ஊரின் கை இருந்தது. எனவே எண்ணுபவர் உள்ளூர்க்காரராக இருப்பது நல்லது. சரிபார்ப்பவர் அப்படி இருக்கக் கூடாது. பின்சரிபார்ப்பு ஆய்வில் ஒரு கணக்கெடுப்புத் தொகுதியை முதலில் எண்ணியவரை மறுபடி அனுப்புவதில்லை என்ற விதி இதனால்தான் முக்கியமானது.

அந்த ஆய்வின் முடிவுகளோ பல மாநிலங்களைச் சேர்த்த மண்டல அளவில்தான் வெளியாகின்றன. தமிழ்நாட்டில் 2011லேயே 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள். சென்னையிலோ கோவையிலோ எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று அந்த மாநகராட்சிகளால் இன்றுவரை சொல்ல முடியாது. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பு கைபேசிச் செயலி வழியாகவும், மக்கள் தாமே பதிவுசெய்யும் வசதியோடும் நடக்கவிருக்கிறது. மாநிலத்துக்கும் பெருநகரங்களுக்கும் தனித்தனி விடுபடல் விகிதம் கிடைக்கும் அளவுக்குப் பின்சரிபார்ப்பின் மாதிரியைப் பெருக்கி, அந்த விகிதங்களை மக்கள்தொகை எண்களோடு சேர்த்தே வெளியிட வேண்டும். மாநில அரசும் மாநகராட்சிகளும் இதை இப்போதே கேட்டுப் பெற வேண்டும்.