கோதுமை அப்பமும் திராட்சை இரசமும்: சீலியாக் நோயின் ஒரு வழிபாட்டு வரலாறு

சீலியாக் நோயுடையோர் திராட்சை மது அருந்தியபின் உடல்நலம் குன்றும்போது, அதில் குளூட்டன் கலந்திருக்குமோ என்பதே முதலில் எழும் ஐயம். வேதியியல் இவ்வையத்துக்குப் பெரிதும் இடங்கொடுப்பதில்லை. குளூட்டன் கோதுமை, பார்லி போன்ற தானியங்களின் புரதம்; திராட்சையில் அது கிடையாது. ஓக் மரப் பீப்பாய்களின் இடுக்குகளைக் கோதுமை மாவுப் பசையால் அடைக்கும் பழைய வழக்கம் ஐரோப்பாவில் உண்டு. ஆயினும் அதிலிருந்து மதுவுக்குள் கசியக்கூடிய அளவு, ‘குளூட்டன் அற்றது’ என்பதற்கு உலக உணவுத் தரநிலையான கோடெக்ஸ் வகுத்த எல்லைக்கு (கிலோவுக்கு 20 மில்லிகிராம்) பொதுவாகக் கீழேயே நிற்கிறது. அருந்திய சில நிமிடங்களில் முகம் சிவத்தலோ மூச்சுத்திணறலோ தோன்றினால், சல்பைட்டு, ஹிஸ்டமின், ஆல்கஹால் ஆகியவற்றையே முதலில் ஐயுற வேண்டும். அவை சீலியாக் நோய் இல்லாதவரையும் தாக்குவன.

இதற்கு ஒரு விலக்கு உண்டு: கத்தோலிக்கத் திருப்பலியின் கிண்ணம். நற்கருணை வழங்குவதற்கு முன் குருவானவர் கோதுமை அப்பத்தைப் பிட்டு, அதன் சிறு துணுக்கொன்றை இரசத்தில் இடுகிறார். தொன்மையான சடங்கு இது. அப்பத்தை இரசத்தில் தோய்த்து வழங்கும் முறையும் உண்டு. சீலியாக் நோயாளிக்குத் தீங்கு செய்யப் போதுமான கோதுமை இரசத்துக்குள் வந்து சேர்வது இவ்வழியில்தான்.

திருச்சபையும் மருத்துவமும் இப்புள்ளியில் மோதியது மிகப் பிந்தைய நிகழ்வு. நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனதாக இருக்க வேண்டும் என்பதை 1439இல் ஃபுளோரன்ஸ் பொதுச்சங்கம் உறுதிசெய்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 924ஆம் விதியில் அதையே வலியுறுத்திற்று. சீலியாக் நோய்க்குக் கோதுமையே காரணம் என்பதோ நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே 1950இல் உட்ரெக்டில் அளித்த ஆய்வேட்டின் வழியாகத்தான் நிலைபெற்றது. தீங்கு குளூட்டனில் உள்ளது என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. ஐந்நூறு ஆண்டுகள் எவரையும் உறுத்தாத விதி, அதன் பிறகே சிலரை விலக்கி வைக்கும் விதியாயிற்று.

உரோமையின் விடைகள் தயங்கித் தயங்கி வந்தன. 1982இல் நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம், குளூட்டன் நீக்கிய அப்பத்தை மறுத்து, நோயாளிகள் இரசத்தை மட்டும் பெறலாம் என்றது. 1995இல் குளூட்டன் குறைந்த அப்பத்துக்கு இசைந்தது. ஆனால் சீலியாக் நோயுடையோரைக் குருத்துவத்துக்கு ஏற்கலாகாது என்றும் அதே மடலில் எழுதிற்று. கர்தினால் இராட்சிங்கரின் தலைமையில் 2003 ஜூலை 24இல் வெளிவந்த சுற்றுமடல் அத்தடையை ‘மிகுந்த எச்சரிக்கை’ என்ற அளவுக்குத் தளர்த்தியது. குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது என்பதில் மட்டும் மாற்றமில்லை. மறு ஆண்டே நியூஜெர்சியில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி அரிசி அப்பத்தால் பெற்ற முதல் நற்கருணை செல்லாதென மறைமாவட்டம் அறிவித்தது. மிசூரி மாநிலத்தின் கிளைடு நகரப் பெனடிக்ட் சபைச் சகோதரிகள் 0.01 விழுக்காடு குளூட்டன் மட்டுமே கொண்ட அப்பத்தை உருவாக்கியது, இவ்வரலாற்றில் சட்டத்தைவிடச் சமையலறை முந்திக்கொண்ட இடம். 2017 ஜூன் 15 நாளிட்ட மடல் பழைய நிலைப்பாட்டையே மீண்டும் உரைத்தது.

நோய் அரிதாகவே அறியப்பட்ட அரிசி நிலத்தில் இச்சட்டம் வேறு பொருள் கொள்கிறது. 1806இல் கண்டோன்மென்டாகத் தோன்றிய செகந்திராபாத்துக்குச் சென்னை மாகாணப் படைகளோடும் அவற்றைத் தொடர்ந்தும் தமிழர் பலர் வந்தனர். மாரெட்பள்ளி உள்ளிட்ட அப்பகுதியின் கிறித்தவர்களுள் கத்தோலிக்கர் 924ஆம் விதிக்கு உட்பட்டவர்கள். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் மெதக் திருமண்டலத்தாரை அவ்விதி கட்டுப்படுத்துவதில்லை. ஒரே தெருவில் வாழும் இருவருக்கு ஒரே நோய் வரினும், அரிசி அப்பம் ஒருவருக்குச் செல்லும்; மற்றவருக்குச் செல்லாது.

மொழியும் இங்கு ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. தமிழ் விவிலியம் கையாளும் ‘அப்பம்’ என்னும் சொல் நம் அடுக்களையில் அரிசி மாவுப் பண்டத்தைக் குறிப்பது. கோதுமையன்றி வேறெதுவும் ஆகாது என்னும் பொருளுக்கு, அரிசியின் பெயரே தமிழில் நிலைத்துவிட்டது.

2016இல் வெளியான, 23,331 பேரை உள்ளடக்கிய இந்திய ஆய்வு, சீலியாக் நோய் வடக்கில் ஆயிரத்துக்கு 8.53 பேருக்கும் தெற்கில் 0.11 பேருக்கும் இருப்பதாகக் கண்டது. நோய்க்கு இடந்தரும் மரபணுக்கள் இரு பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன, தெற்கில் 36.4 விழுக்காட்டினரிடம். பெரிதும் வேறுபட்டது கோதுமை உணவே: நாளொன்றுக்கு வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். எனவே தெற்கில் இந்நோய் ஒருவருக்கு இருந்தால், அவருக்கே அது தெரியாதிருக்க வாய்ப்பு மிகுதி. பங்குக் குருவுக்கும் அது பழகிய செய்தியன்று. தெரிந்தவருக்கும் இரசம் மட்டும் பெறும் உரிமை தாளில் உள்ளதே தவிர, துணுக்கு இடப்படாத தனிக் கிண்ணம் வைக்கப்பட்டாலன்றி அதனால் பயனில்லை. அக்கிண்ணத்தைத் திருப்பலிக்கு முன்பே, தம் நோயை விளக்கிச் சொல்லி, அவரே கேட்டுப் பெற வேண்டும்.