பாண்டிச்சேரிக் கழுகு

வெள்ளை மார்பும் செம்பழுப்பு இறக்கையுமாகக் கருடன் வட்டமிட்டால், ஸ்ரீரங்கத்தில் நாம் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். 1760-இல் பிரெஞ்சுக்காரர் பிரிஸ்ஸோன் இதற்கு வைத்த பெயர் 'பாண்டிச்சேரிக் கழுகு'. பிரெஞ்சில் படித்த எனக்கே இது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. 1783-இல் டச்சுக்காரர் போடார்ட் 'இன்டஸ்' என்று லத்தீன் பெயர் சூட்டினார்.

பெயர் வைத்தது அவர்கள். குடித்தனம் நடப்பது நம் ஆற்றங்கரையில். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை இனப்பெருக்கக் காலம். ஆணும் பெண்ணும் சேர்ந்து சுள்ளி பொறுக்கி, உயர்ந்த மரத்தில் கூடு கட்டும். பெரும்பாலும் 2 முட்டை. ஏறக்குறைய நான்கு வாரம் பெண் அடைகாக்கும். குஞ்சுக்கு இரை இரண்டுமே கொண்டுவரும். மறுவருஷமும் அதே பக்கம் தேடி வரும்.

கொள்ளிடக் கரையில் நெட்டை மரம் ஒன்றை வெட்டினால், அந்தக் குடும்பத்துக்கு வீடு போச்சு. வானத்தைப் பார்த்துக் கும்பிடும் நாம், மரத்தையும் கொஞ்சம் காப்பாற்றுவோம்.