காக்கையின் தலைக்குள் என்ன இருக்கிறது?

மூளை பெரிதானால் அறிவும் பெரிதாகுமா? எடுத்த எடுப்பில் 'ஆம்' என்றே சொல்லத் தோன்றும். ஆனால், மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். யானையின் மூளையோ நாலரைக் கிலோ. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மூளை சுமார் 8 கிலோ. மனிதருக்குள்ளேயே பார்த்தாலும் இந்தக் கணக்கு உதைக்கிறது. 1883-இல் மறைந்த ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2,000 கிராமைத் தாண்டியிருந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் அனத்தோல் பிரான்சின் மூளை ஏறக்குறைய அதில் பாதிதான். 1921-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்தான்! (துர்கனேவ் காலத்தில் அந்தப் பரிசே இல்லை என்பது வேறு விஷயம்.)

சரி, மூளையை உடல் எடையோடு ஒப்பிட்டால்? அப்போது சுண்டெலி மனிதனுக்குச் சமமாக வந்து நிற்கிறது. 1973-இல் அமெரிக்க அறிஞர் ஹாரி ஜெரிசன் இதைத் திருத்தி, 'இத்தனை பெரிய உடலுக்கு எவ்வளவு மூளை எதிர்பார்க்கலாம், உண்மையில் எவ்வளவு இருக்கிறது' என்று கணக்கிடும் ஒரு முறையை விரிவாக வகுத்தார். அதில் மனிதன் முதலிடம் பெற்றான். ஆனால் சிறிய கப்புச்சின் குரங்கு, கொரில்லாவை முந்திவிட்டது. அங்கேயும் ஏதோ இடித்தது.

இந்த வரலாற்றில் மிகவும் ஏமாற்றப்பட்டவை பறவைகள். ஆங்கிலத்தில் ஒருவனை மந்தபுத்தி என்று ஏச 'பறவை மூளை' என்பார்கள். விஞ்ஞானமும் ஒரு நூற்றாண்டுக் காலம் ஏறக்குறைய அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. அது எப்படி நேர்ந்தது?

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் லுட்விக் எடிங்கர் (1855-1918) என்ற மேதை இருந்தார். மீன் முதல் மனிதன் வரை பல உயிர்களின் மூளைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தவர் அவர். பரிணாமம் என்பது ஓர் ஏணி, ஒவ்வொரு படியிலும் பழைய மூளையின்மேல் புதிய பகுதி ஒன்று ஏறி அமர்கிறது என்பது அக்கால எண்ணம். பாலூட்டிகளின் மூளையில் மேலே ஆறு அடுக்குகள் கொண்ட புறணி உண்டு. சிந்தனைக்கு அதுவே இருப்பிடம். பறவையின் மூளையை வெட்டிப் பார்த்தால் அடுக்குகளைக் காணோம். செல்கள் திரள் திரளாக இருந்தன. பாலூட்டிகளில் புறணிக்கு அடியிலும் அப்படியொரு திரள் உண்டு. அதன் பெயர் ஸ்ட்ரையேட்டம். அசைவுகளோடும் பழக்கத்தால் வரும் செயல்களோடும் தொடர்புடையது அது. ஆகவே பறவையின் பெருமூளை முழுவதும் பெரும்பாலும் ஸ்ட்ரையேட்டம்தான் என்று எடிங்கர் முடிவு கட்டினார். 'நியோஸ்ட்ரையேட்டம்', 'ஹைப்பர்ஸ்ட்ரையேட்டம்' என்ற பெயர்கள் பாடநூல்களில் ஏறின. சிந்திக்கும் பகுதியே இல்லாத பறவை எப்படிச் சிந்திக்கும்?

கண்ணால் கண்டது தவறல்ல. வைத்த பெயர்தான் தவறு. 1960-களில் ஹார்வி கார்ட்டென் என்ற அமெரிக்கர், வடிவத்தை விட்டுவிட்டு, நரம்புகள் எங்கிருந்து எங்கே போகின்றன, எந்த இடத்தில் எந்த இரசாயனப் பொருள் இருக்கிறது என்று தேடினார். உண்மையான ஸ்ட்ரையேட்டத்துக்குரிய அடையாளங்கள் பறவை மூளையின் அடியில் ஒரு சிறு பகுதியில் மட்டுமே தென்பட்டன. கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் வரும் செய்திகளோ, நம் புறணிக்கு வருவதைப் போலவே, மேலுள்ள பெரிய பகுதிக்கு வந்து சேர்ந்தன. ஆனாலும் பழைய பெயர்கள் போகவில்லை. 2002-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அறிஞர்கள் கூடி விவாதித்து, 2004-இல்தான் புதிய பெயர்ப்பட்டியல் வெளிவந்தது. ஒரு பெயரை மாற்ற நாற்பது ஆண்டுகள்!

அதே 2002-இல் ஆக்ஸ்போர்டில் பெட்டி என்ற பெண் காக்கை, நேரான கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி, குழாய்க்குள் இருந்த தீனி வாளியைத் தூக்கி எடுத்தது. பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியா தீவின் இனம் அது. (அந்தக் காக்கைகள் இயல்பாகவே குச்சிகளை வளைக்கின்றன என்று 2016-இல் தெரியவந்தது, ஆகவே பெட்டியின் வித்தை முழுக்கப் புதிதாகக் கண்டுபிடித்ததாக இல்லாமலும் இருக்கலாம்.) குடத்தில் கல் போட்டுத் தண்ணீர் குடித்த காக்கையின் கதை நமக்குப் பால பாடம். 2009-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ரூக் பறவைகள் அதையே செய்வதைக் காட்டினார்கள். குழாய் நீரில் கற்களைப் போட்டு, மிதந்த புழுவை மேலே வரவழைத்து எடுத்தன.

ஆனால் 20 கிராம் எடைகூட இல்லாத மூளையில் இதற்கெல்லாம் இடம் ஏது? இந்தக் கேள்விக்கு விடை, சமையலறை வேலைபோன்ற ஒரு முறையில் கிடைத்தது. பிரேசில் நாட்டு சுசானா ஹெர்குலானோ-ஹௌசல் 2005-இல் சகாவோடு சேர்ந்து அதை வெளியிட்டார். மூளைத் திசுவைச் சோப்புப் போன்ற திரவத்தில் அரைத்துக் கரைக்க வேண்டும். செல்களின் சவ்வுகள் உடைந்துவிடும், உட்கருக்கள் மட்டும் உடையாமல் மிதக்கும். நன்றாகக் கலக்கி, ஒரு துளியை எடுத்துச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து எண்ணலாம். ஒரு செல்லுக்கு ஓர் உட்கரு. துளியிலிருந்து மொத்தத்தைக் கணக்கிட வேண்டியதுதான். மூளை சூப்பாகிவிட்டதே என்று முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள்!

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள். அவற்றில் 1,600 கோடி பெருமூளைப் புறணியில். ஆப்பிரிக்க யானைக்கு மொத்தம் 25,700 கோடி. ஆனால் அதில் நூற்றுக்கு 98 பங்கு, உடலசைவைச் சீர்படுத்தும் சிறுமூளையிலேயே அடங்கிவிடுகிறது. புறணிக்கு எஞ்சுவது 560 கோடி மட்டுமே. தென்னமெரிக்காவின் பெரிய கொறிணி காப்பிபாராவையும் ரீசஸ் குரங்கையும் ஒப்பிடுங்கள். இரண்டின் மூளையும் எடையில் அதிகம் வேறுபடவில்லை. புறணியில் முன்னதற்குச் சுமார் 30 கோடி செல்கள், பின்னதற்கு 170 கோடி. கொறிணிகளில் மூளை வளர வளர செல்களும் பெருத்து இடத்தை அடைக்கின்றன. குரங்கினத்தில் செல்கள் அவ்வளவாகப் பெருப்பதில்லை, எண்ணிக்கையே கூடுகிறது.

2016-இல் 28 வகைப் பறவைகளின் மூளைகள் எண்ணப்பட்டன. நீல-மஞ்சள் மக்காவ் கிளியின் மூளை ஓட்டோடுள்ள அக்ரூட் கொட்டை அளவுதான். அதன் பெருமூளையின் மேற்பகுதியில், அதாவது எடிங்கர் ஸ்ட்ரையேட்டம் என்று ஒதுக்கிய அதே இடத்தில், 190 கோடி செல்கள். ரீசஸ் குரங்கின் புறணியைவிட அதிகம்! ரேவன் என்னும் பெருங்காக்கைக்கு 120 கோடி. செல்கள் மிகச் சிறியவை, நெருக்கியடித்து அமர்ந்தவை. இடைவெளி குறைவதால் செய்தி போகும் தூரமும் குறைவு. பறக்கும் உயிருக்குப் பாரம் கூடாதல்லவா?

அப்படியானால் புறணியின் செல்களை எண்ணினால் போதும், அறிவை அளந்துவிடலாம் என்று நினைக்கிறீர்களா? 2014-இல் வடக்கு அட்லாண்டிக் கடலின் பைலட் திமிங்கிலத்தின் புறணியை எண்ணிப் பார்த்தார்கள். சுமார் 3,700 கோடி. நம்முடையதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.