விலை குறிக்கப்படாத இசைத்தட்டு

மேற்கு நாடுகளின் ஆலயங்களில் இன்று கிற்றாரும் மேளமும் ஒலிப்பதை எவரும் வியந்து நோக்குவதில்லை. 1960களின் இறுதியில், கலிபோர்ணியாவின் ஹிப்பி இளைஞர்கள் கிறிஸ்துவை நாடிய இயக்கத்தோடு இவ்வழக்கம் வலுப்பெற்றது. அவ்வியக்கம் தந்த பாடகருள் கீத் கிறீன் என்பவரின் வரலாறு தனித்து நோக்கற்பாலது.

1953இல் நியூயோர்க்கின் புரூக்லினில் யூத மரபில் பிறந்த இவர், பதினோராவது வயதிலேயே டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தமானார். எதிர்பார்த்த புகழ் வாய்க்கவில்லை. போதைப்பொருளிலும் பல்வேறு நெறிகளிலும் அலைந்து, 1975இல் கிறிஸ்தவரானார். பியானோவின் முன் அமர்ந்து தாமே இயற்றிய பாடல்களைப் பாடினார். போதைக்கு அடிமையானோரையும் வீடற்றோரையும் அவரும் மனைவி மெலடியும் தம் வீட்டிலேயே தங்கவைத்தனர். இடம் போதாமையால் அயல் வீடுகளையும் பெற வேண்டியதாயிற்று.

1977இல் ஸ்பரோ நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டு நன்கு விற்பனையாயிற்று. ஆயினும், பணமில்லாதவன் இறைபாடலைக் கேட்கலாகாதா என்ற கேள்வி அவரை உறுத்தியது. 1979இல் ஒப்பந்தத்தினின்று விடுவிக்குமாறு வேண்டினார், நிறுவனமும் இசைந்தது. வீட்டை ஈடுவைத்து, 1980இல் அடுத்த இசைத்தட்டைத் தாமே வெளியிட்டார். வீட்டை ஈடுவைப்பதன் பாரம் நம்மவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை! இசைத்தட்டுக்கு விலை குறிக்கப்படவில்லை. இயன்றோர் இயன்றதை அனுப்பலாம். இயலாதோர் எதுவும் அனுப்பவேண்டியதில்லை. 1982 மே மாதமளவில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் அனுப்பப்பட்டிருந்தன. அவற்றுள் 61,000 இலவசமானவை.

அதில் ஒரு பாடலுக்குப் பொப் டிலன் ஹார்மோனிக்கா வாசித்தார். தலைப்புப் பாடலோ, எகிப்தின் அடிமைத்தளையினின்று மீண்ட இஸ்ரவேலர் பாலைவனத்தில் நாள்தோறும் மன்னாவையே உண்டு சலித்து, எகிப்தின் உணவுக்கு ஏங்கியதை நகைச்சுவையோடு கூறுவது. நாம் ஊரை நினைந்து ஏங்குவது வேறு. எனினும் அந்தச் சலிப்பு நமக்குப் புதியதன்று.

மேடையில் அவர் பேச்சு கடுமையானது. அரைமனதுக் கிறிஸ்தவரை அவர் சாடிய முறை பலரை நோகச் செய்தது. அக்கடுமை அவசியமென நான் கருதவில்லை. 1982இல் வந்த இசைத்தட்டில் கண்டனம் தணிந்து, துதிப்பாடல்களே மேலோங்கின.

அவ்வாண்டு யூலை 28ஆம் நாள், ரெக்சாஸ் மாநிலத்து லின்டேலில், அளவுக்கு மிஞ்சிய பாரத்தோடு எழுந்த சிறு விமானம் விழுந்து நொறுங்கியது. கீத்தும், மூன்றும் இரண்டும் வயதான அவர் பிள்ளைகள் இருவரும் உட்படப் பன்னிருவர் மாண்டனர். மெலடி ஒரு வயதுக் குழந்தையோடு வீட்டிலிருந்தார், கருவுற்றுமிருந்தார்.

மீட்பரைப் போற்றி மெலடி எழுத, கீத் ஒரு சரணம் சேர்த்த பாடலொன்று அந்த இறுதி இசைத்தட்டில் உள்ளது. ஆங்கில ஆலயங்களில் அது இன்றும் பாடப்படுகின்றது.