ஜப்பான் போர்டு, நம்மூர்ப் பெட்டி

வீட்டில் ப்ளைவுட்டில் ஒரு ஆர்கேட் பெட்டி செய்யலாம் என்று கிளம்பி, அதற்காகச் சேர்த்த குறிப்புகள்தான் இவை. இணையத்தில் இதற்கு வரைபடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாமே அமெரிக்க, ஜப்பானிய மாடல்கள். நான் தேடியது 90களில் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து வீடியோ கேம் கடைகளில் நாங்கள் காசு போட்டு ஆடிய பெட்டியை. அதற்கு ஒரு வரைபடம்கூடக் கிடைக்கவில்லை. ஏன் இல்லை என்று யோசிக்கப் போய், அந்தப் பெட்டியை யார் செய்தது என்ற கேள்வியில் வந்து நின்றேன்.

கேம்களைச் செய்தது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1991-ல் வெளியிட்டது. நாம் 'முஸ்தபா' என்று சொன்ன கேமின் நிஜப் பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. அதுவும் காப்காம்தான், 1993. மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த ஒரு அமெரிக்கக் காமிக்ஸை வைத்துச் செய்தது. தொப்பி போட்ட முஸ்தபா அதில் வரும் நான்கு நாயகர்களில் ஒருவன். தலைப்பை யாரும் வாசிக்கவில்லை, ஆளைப் பிடித்துக்கொண்டோம்!

ஆனால் ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தது இந்தப் பெட்டி என்று நினைத்தால் அது தப்பு. அங்கே பிறந்தது உள்ளே இருந்த சர்க்யூட் போர்டு மட்டும்தான். அதிலும் பல இடங்களில் புழங்கியது நகல் போர்டுகள்.

இது எப்படிச் சாத்தியமானது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1972-ல் அமெரிக்காவின் அடாரி நிறுவனத்தில் ஆலன் ஆல்கார்ன் என்ற எஞ்சினியர் 'பாங்' கேமைச் செய்தார். அதன் முதல் மாதிரி என்ன தெரியுமா? கடையில் வாங்கிய ஹிட்டாச்சி கறுப்பு வெள்ளை டிவி, சுமார் 4 அடி உயர மரப்பெட்டி, காசு போட ஒரு அமைப்பு. அவ்வளவுதான். சன்னிவேல் ஊரில் ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் மெஷின் நின்றுபோனது. திறந்து பார்த்தால் உள்ளே காசு நிரம்பி வழிந்திருக்கிறது. ஆக, தச்சு வேலையும் வீட்டு டிவியும் இந்தத் தொழிலின் முதல் நாளிலேயே இருந்தவை.

அடுத்த திருப்பம் 1985. அதுவரை ஒவ்வொரு கம்பெனியின் போர்டுக்கும் வயரிங் வேறு வேறு. கேம் பழசானால் வயரிங் முழுக்க மாற்ற வேண்டும், இல்லையென்றால் புதுப் பெட்டி வாங்க வேண்டும். ஜப்பானின் கேளிக்கை இயந்திர உற்பத்தியாளர் சங்கம் ஒரு பொது இணைப்பைக் கொண்டுவந்தது. சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தை வைத்து அதற்கு 'ஜாமா' என்றே பெயர். பக்கத்துக்கு 28 வீதம் மொத்தம் 56 பின். மின்சாரம், படம், ஒலி, ஜாய்ஸ்டிக், காசு சிக்னல் எல்லாம் அந்த ஒரே இணைப்பில் வரும். பழைய போர்டைக் கழற்றி புதுப் போர்டைச் செருகினால் வேறு கேம். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆளுக்கு 6 பட்டன் என்பதால், கூடுதல் பட்டன்களுக்குத் தனியாக ஒரு வயர் இழுக்க வேண்டும். மற்றபடி மாற்றமில்லை.

இதன் விளைவு பெரியது. போர்டு ஒன்று கையில் இருந்தால், மிச்சத்தை உலகின் எந்த ஊர் ஆசாரியும் டிவி மெக்கானிக்கும் சேர்ந்து செய்துவிடலாம்.

டிவி மெக்கானிக்குக்குச் சென்னையில் எப்போது பஞ்சம் இருந்தது? டயனோரா, சாலிடேர் எல்லாம் நம்ம ஊர் பிராண்டுகள். ஆர்கேட் போர்டு தரும் படத்தின் கிடைமட்ட அதிர்வெண் சுமார் 15 கிலோஹெர்ட்ஸ். வீட்டு டிவிக்கும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் பழைய கலர் டிவியே போதும். இரண்டு வேலைகள் மட்டும் பாக்கி. நம் டிவி விநாடிக்கு 50 தடவை படம் வரையும், போர்டு சுமார் 60 தடவை அனுப்பும். படம் உருளாமல் நிற்க உள்ளே திருகிச் சரிசெய்ய வேண்டும். அடுத்தது, பல டிவிகளின் சேசிஸ் நேரடியாக மெயின் கரண்டோடு தொடர்பில் இருக்கும். நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்காவிட்டால் ஷாக் அடிக்கும்.

ரயில் பாதையையும் பாருங்கள். பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. ஒரு முனையில் பீச் ஸ்டேஷன், எதிரிலேயே பர்மா பஜார். நடுவில் பார்க் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் எலக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்கு ரிச்சி தெரு. மறுமுனையில் தாம்பரம். இங்கே ப்ளைவுட் கடையும் ஆசாரியும் தெருவுக்குத் தெரு உண்டு.

இப்போது என் பெட்டிக்கு வருவோம். ஒரு ப்ளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி. பெட்டியின் ஆழத்தை 2 அடியாக வைத்தால், ஐந்தரை அடி உயரத்தில் இரண்டு பக்கப் பலகைகளும் ஒரே ஷீட்டில் அடங்கும். மிச்சம் இரண்டரை அடிக்கு 4 அடித் துண்டு. பட்டன் பலகையை அதில் எடுத்துக்கொள்ளலாம். ஆழம் ஓர் அங்குலம் கூடினாலும் பக்கப் பலகைக்கே இரண்டாவது ஷீட் வாங்க வேண்டும். அந்தக் கால ஆசாரியும் இந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார் என்பது என் ஊகம். காகிதத்தில் வரைபடம் இல்லாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அளவு ஷீட்டிலேயே இருக்கிறதே!

எந்தப் போர்டையும் எந்தப் பெட்டியிலும் செருகலாம் என்ற வசதிக்கு இன்னொரு முகமும் உண்டு. உள்ளே இருப்பது சண்டை கேமா, சூதாட்டமா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வீடியோ கேம் கடைகளுக்குப் போலீஸ் உரிமம் தேவையா என்ற வழக்கு கர்நாடகத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995-ல், எம்.ஜே. சிவானி வழக்கில், உரிமக் கட்டுப்பாடு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. வீட்டில் "அந்தக் கடைப் பக்கம் போகாதே" என்று திட்டு வாங்கியவர்கள் நம்மில் நிறைய பேர். அந்தச் சந்தேகம் நம் அம்மா அப்பாவுக்கு மட்டும் இருந்ததில்லை.

1997-ல் இத்தாலிக்காரரான நிக்கோலா சால்மோரியா 'மேம்' என்ற எமுலேட்டரை வெளியிட்டார். அதன் புண்ணியத்தில் பழைய கேம்கள் பிழைத்துக்கொண்டன. இன்று ஒரு சின்ன ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரில் முஸ்தபாவை ஓட்டலாம். பெட்டிகளுக்கு அப்படி ஒரு வழி கிடைக்கவில்லை. சாதா கமர்ஷியல் ப்ளைவுட் தண்ணீரில் ஊறினால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தள வீடுகள் எப்படி மூழ்கின என்று பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டிவி, ஸ்பீக்கர், கட்டில் எல்லாம் பார்த்துவிட்டேன். கேம் பெட்டி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

போர்டைச் செய்த கம்பெனியின் பெயர் திரையிலேயே வரும். பெட்டியைச் செய்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. உங்கள் தெருவில் அந்தக் காலத்தில் இந்த வேலை செய்த ஆசாரியோ மெக்கானிக்கோ இருந்தால் போய்ப் பேசுங்கள். பெட்டி ஏதாவது குடோனில் கிடந்தால் ஒரு டேப் எடுத்து உயரம், அகலம், ஆழம், பட்டன் பலகையின் சாய்வு, இந்த நான்கையும் குறித்து வையுங்கள். என் பெட்டிக்குப் பட்டன் பலகையை இன்னும் அறுக்கவில்லை. நம்மூர்ச் சாய்வு எவ்வளவு என்று தெரிந்தபிறகு அறுக்கலாம் என்று இருக்கிறேன்.